பூங்காவில் அம்மா ஓட்டிய சைக்கிள்

மதுரையின் நடுவிலிருக்கும் பழைய பூங்காவுக்கு நேற்று மகளோடு போயிருந்தேன். புல்லில் நடந்த யாரையோ அதட்டிக் காவலாளி விசில் ஊதினார். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி எட்டு வயதானது.

அப்போது அம்மாவுக்கு வண்டியூரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. நேரத்துக்குப் பஸ் கிடையாது. "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா போ" என்றார் நான் அத்தா என்று கூப்பிடும் அப்பா, அம்மாவால் முடியாது என்ற தைரியத்தில்.

விடியற்காலையில் ஃபஜ்ர் தொழுததும் அம்மா ஒரு வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு பூங்காவுக்கு வந்தாள். மகிழம்பூ உதிர்ந்து மணந்த பாதையில், நான் பின்னாலிருந்து தள்ள, அம்மா ஓட்டினாள். காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

"எறங்குங்கக்கா. உள்ள சைக்கிள் விடக் கூடாது."

"நிப்பாட்டத் தெரியலண்ணே."

விழப்போன அம்மாவை அவர் கேரியரைப் பிடித்துக் காப்பாற்றினார். பிடித்த கையோடு நீரூற்றைச் சுற்றி இரண்டு முறை ஓடிவிட்டு, சொல்லாமல் கையை எடுத்தார். அம்மா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆறரைக்குள்ள முடிச்சிருங்க. ஆபீசர் வந்துருவாரு" என்றார் மூச்சிரைக்க.

அம்மா வேலைக்குப் போன முதல் நாள், அத்தா கடையைத் திறக்காமல் ரிக்‌ஷா பிடித்துத் தெப்பக்குளம் வரைக்கும் பின்னாலேயே போனார்.

"ஒரு தடவகூட இவ திரும்பிப் பாக்கல" என்று இன்றைக்கும் என் மகளிடம் பெருமையாகச் சொல்வார்.