பேஸ் மட்டும் தெரிந்தவன்

ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "நிம்மதியாகப் பாட்டுக் கேட்பேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். எழுமலை, டி. கல்லுப்பட்டி, கடைசியில் மதுரை என்று மிஷன் பள்ளிகளில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கினேன். ஆராதனைப் பாட்டுக் கேசட்டுகளை அலமாரியில் அடுக்கினேன். கேட்கவும் செய்தேன். நிம்மதிதான் வரவில்லை.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மாடிப்படி, முருங்கைக்காய், போதகர் பிரசங்கத்தில் சொல்லும் "ஆகவே பிரியமானவர்களே" எல்லாம் எண்ணிக்கைக்குள் வந்துவிடும். புதிய பாட்டுகளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். உருகிப்போய் எல்லாரும் கண்ணை மூடும் இடத்தில் எனக்கு விரல் மடங்கும். பாட்டு முடிந்ததும், "அல்லேலூயா நாற்பத்தொன்று" என்பேன்.

"ஏங்க, பாட்டக் கேக்குறீங்களா, வரவு வைக்கிறீங்களா?" என்றாள் மனைவி. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேசாம கொயர்ல போய்ச் சேருங்க. அங்கயாவது எண்ணுறதுக்கு ஆளு வேணும்பாக" என்று அனுப்பிவைத்தாள்.

எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் என்னிடம் கணக்குப் படித்தவர். வங்கி அதிகாரி ஆகியும் என்னைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். என் குரலைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் ஆர்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க பேஸ்ல நில்லுங்க" என்றார்.

நான்கு குரலில் பாடும் பாட்டில் மெட்டு பெண்களுக்குப் போய்விடும். பேஸ் என்பது எல்லாருக்கும் அடியில் கிடக்கும் கடைசிக் குரல். வீட்டுக்கு அஸ்திவாரம் போல என்பார்கள். அஸ்திவாரத்தைப் பார்த்து யாரும் வீடு நன்றாயிருக்கிறது என்று சொல்வதில்லை. அரைப் பாட்டுக்கு ஒரே சுரத்தில் நிற்கவேண்டும், மீதியில் சும்மா இருந்து சரியான இடத்தில் நுழையவேண்டும். சும்மா இருப்பதை எண்ண வேண்டும் என்று தெரிந்தபோது, ஆண்டவர் எனக்கென்றே படைத்த குரல் இது என்று நினைத்தேன்.

என் கால்தான் கெடுத்தது. எண்ணும்போது அது தானாகத் தட்டும். பயிற்சி நடக்கும் கூடத்தில் சிமெண்டுத் தரை. என் செருப்புச் சத்தம் ஆர்கனை மீறிக் கேட்டது.

"சார், செருப்பக் கழட்டிட்டுப் பாடலாமே" என்றார் நடத்துநர்.

கழற்றினேன். கால் நின்றது, உதடு எண்ண ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பேஸ், தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். "வாத்தியாரே, காதுக்குள்ள வாய்ப்பாடு கேக்குது" என்று முழங்கையால் இடித்தார்.

இத்தனை அவமானத்தையும் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஈஸ்டர். அதிகாலை ஆராதனையில் பாடும் சிறப்புப் பாட்டில், ஆர்கன் எட்டு பார் தனியாக வாசிக்கும். பார் என்பது ஒரு தாளச் சுற்று, ஒன்றுக்கு நான்கு தட்டு. அது முடிந்ததும் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும். வருடம் முழுவதும் அடியில் கிடப்பவர்களுக்கு அந்த ஒரு இடத்தில்தான் சூரிய வெளிச்சம். அதில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடத்துநரிடம் கேட்டேன்.

"குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பாப்போம் சார்" என்றார். பரீட்சைக்கு முன்னால் நான் பையன்களிடம் பேசும் அதே குரல்.

குருத்தோலை ஞாயிறு ஈஸ்டருக்கு முந்தைய வாரம். சபையார் எல்லாரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடியபடி தெருவைச் சுற்றி ஆலயத்துக்கு வருவோம். கொயர் முன்னால், சபை பின்னால். முன்னால் ஒரு வரி முடியும்போது கடைசி வரிசை அந்த வரியின் பாதியில் இருக்கும். வருடா வருடம் அப்படித்தான், யாருக்கும் அது தொந்தரவாக இருந்ததில்லை. எனக்கு இருந்தது. பேஸ் வரிசை கொயரின் கடைசியில் நடப்பதால் எனக்கு இரண்டு பாட்டும் கேட்டது. கவனித்தேன், பின்வரிசை ஆறு தட்டுப் பிந்தியிருந்தது. சிறிது தூரத்தில் எட்டு ஆனது.

"நான் நடுவுல நின்னு கையக் காட்டிச் சரிபண்ணுறேன்" என்றேன்.

"வேணாம் வாத்தியாரே, சும்மா வாங்க" என்றார் தபால் நண்பர்.

கேட்கிற ஆளா நான்? வெள்ளை அங்கியோடு ஊர்வலத்தின் நடுவில் நின்று கையை ஆட்டினேன். சிலர் எனக்குப் பதில் வணக்கம் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய தெரு முனை வந்தது. கொயர் கடந்ததும் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி எங்களை நிறுத்திவிட்டார். சிம்மக்கல் போகும் டவுன் பஸ், அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஆட்டோக்கள். வழி திறந்தபோது கொயர் கண்ணில் இல்லை. பாட்டும் நின்றுபோயிருந்தது.

என் பக்கம் இருந்தவர்கள் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வெயிலுக்குக் குடை பிடித்தவர்கள். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். எல்லாரும் என் அங்கியைப் பார்த்தார்கள்.

"கொயர்க்காரர் இருக்காரே. எடுத்துக் குடுங்கண்ணே" என்றார் குடைக்கார அம்மா.

தொண்டையைக் கனைத்தேன். ஓங்கிய குரலில் தொடங்கினேன். ஒரே சுரத்தில் ஏழு அசை, ஒன்று கீழே, மறுபடி அதே சுரத்தில் ஐந்து. ஒருவரும் சேரவில்லை. நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டின் மெட்டைத் தேடினேன். மூன்று மாதப் பயிற்சியில் பேஸ் அதை அடித்துத் துரத்தியிருந்தது. மறுபடியும் அதே ஏழு அசை.

"இது என்ன பாட்டுண்ணே? புதுசா?" என்றார் அந்த அம்மா.

"கரண்டு கம்பி மாதிரியில்ல இரையுது" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது மனைவி, குடைக்குள் இருந்தபடியே, சாதாரணமாக, வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது பாடுவதைப் போல மெட்டை எடுத்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு வேறு வழி தெரியாததால் என் ஏழு அசையை அவள் குரலுக்கு அடியில் வைத்தேன். அது அங்கே போய் உட்கார்ந்தது. என் பாகம் எதற்காக எழுதப்பட்டது என்பது எனக்கு விளங்கியது அந்தத் தெருமுனையில்தான். ஆலயம் வரை பாடினோம். எத்தனை சரணம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வாசலில் நடத்துநர் காத்திருந்தார். "பின்னாடி வந்த கூட்டம் நல்லா பாடுச்சே. யாரு சார் எடுத்துக் குடுத்தது?"

"இவருதான் ஆரம்பிச்சாரு" என்றாள் மனைவி. "என்ன பாட்டுன்னுதான் யாருக்கும் வெளங்கல."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். "ஈஸ்டருக்கு நில்லுங்க சார். வெறுங்காலோட. உதட்டையும் பாத்துக்கங்க."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் எட்டு பார் ஓடிக்கொண்டிருந்தது. "ஈஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரு யாரு வாராகன்னு உங்க தங்கச்சிகிட்டக் கேட்டீங்களா?" என்று மனைவி பல தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் மூன்றாவது பாரிலோ ஐந்தாவது பாரிலோ இருந்தேன்.

ஈஸ்டர் காலையில் ஆர்கன் தொடங்கியதும் கால் விறைத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். எண்ணிக்கை இரண்டிலேயே நழுவிவிட்டது. பதறிப்போய்ச் சபையில் பெண்கள் உட்காரும் பக்கம் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மனைவி மடியில் இரண்டு கையையும் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு. நான் தடுமாறுவேன் என்று தெரிந்து எனக்காக எண்ணுகிறாள்! கண் கலங்கியது. அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாவது விரல் மடங்கியது, அப்படியே நின்றது. விரல் நின்றதையே சைகையாக எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். தபால் நண்பரும் அதே கணத்தில் திறந்தார். மிகச் சரியான இடம்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு நன்றி சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் எங்க ஒங்க பாட்ட எண்ணுனேன்? மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தன பேருன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அதுலயும் உங்க தங்கச்சி மருமகன விட்டுட்டேன். அவரச் சேத்தா ஒம்பது."

அந்த மருமகனுக்குக் கறி சற்று அதிகமாகவே வைக்கச் சொன்னேன். அவர் மட்டும் அவள் ஞாபகத்தில் வந்திருந்தால், சபை முழுவதும் கேட்க, நான் ஒரு பார் பிந்தியிருப்பேன்.