கிரேன்காரர் பார்த்த கை

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருடம் இருக்கும். அப்போது நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுவது என் வேலை. கப்பலின் அடித்தளத்தில் நிற்கும் ஆட்கள் கிரேன்காரர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். என் கையைப் பார்த்துத்தான் அவர் மூட்டைகளை இறக்குவார்.

ஒருநாள் ஆடி வந்த கிரேன் கொக்கி என் தலையில் மோதிவிட்டது. கொஞ்ச நேரம் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, சில நாள் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம், பயப்படாதே என்று அனுப்பிவிட்டார்கள்.

பயப்படாமல் இருக்க ஊர் விட்டால்தானே! தெருவில் இறங்கி டோல்கேட் பக்கம் நடந்தால், "தலைல அடிபட்டவரு, பாவம்" என்று காதுபடப் பேசினார்கள். சிலர் செவிடனிடம் கத்துவதுபோல என்னிடம் கத்தினார்கள். கடையில் புளி வாங்க மறந்தால் என் மனைவிக்குக் கண் கலங்கிவிடும். "பரவால்லய்யா, நீ சும்மா குந்து" என்பாள். வேலைக்குத் திரும்பினால் மேஸ்திரி என்னை நிழலில் உட்கார வைத்துக் கிழிந்த சாக்கைத் தைக்கச் சொன்னார். தலைவலி குறைவதற்குப் பதில் கூடியது. எதை மறந்தாலும், போச்சு, மூளை கலங்கித்தான் போச்சு என்று எனக்கே தோன்றியது.

கிரேன்காரர் வண்ணாரப்பேட்டை பாய், என் பழைய தோஸ்து. ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதேவிட்டேன். மனிதர் சிரிக்கிறார்!

"இன்னா மாமு, அடிபடறதுக்கு முன்னாடி மட்டும் எல்லாத்தியும் நெனப்புல வெச்சிகினு இருந்தியா? முக்காவாசி நாளு சோத்துத் தூக்கை வூட்டுல வுட்டுட்டு வந்து என் சோத்துலதானே கை வெப்பே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் யோசித்தால், உண்மைதானே! மாமியார் வீட்டில் செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு ஊர் வந்து சேர்ந்த புதுமாப்பிள்ளை நான்.

நேரே மேஸ்திரியிடம் போனேன். "இனிமே சாக்கு தைக்க மாட்டேன், கை காட்டத்தான் போறேன்" என்றேன்.

"கீய ஆளுங்க கீறாங்கய்யா" என்று அவர் தயங்கினார்.

"காலிக் கொக்கில ஆரமிக்கட்டும்" என்றார் பாய்.

அப்படியே ஆரம்பித்தேன். முதலில் ஆளில்லாத இடத்தில் காலிக் கொக்கி, பிறகு ஒற்றை மூட்டை. தலை வலித்தால் சொல்லிவிட்டு உட்காருவேன், வலி விட்டதும் எழுந்துவிடுவேன். ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

கடைசியில் கீழே ஆட்களை வைத்துக்கொண்டே மூட்டைகளை முழுக் கட்டாக இறக்கும் நாள் வந்தது. கீழே நின்றவர்களில் பாயின் கூடப்பிறந்த தம்பியும் ஒருவன். அது பாய்க்கும் தெரியும். ஆனாலும் அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. நான் கையைத் தாழ்த்தினேன், கட்டு பூப்போல இறங்கியது.

இன்றும் சோத்துத் தூக்கை மறந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் தலை தேறிவிட்டதென்று எனக்கு முன்பே நம்பி, தன் தம்பியின் உயிரை என் கையில் விட்ட அந்த மனிதரை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.