முன்விளக்குக்கு விபூதி

எங்கள் காருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் தளி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஓசூரில் ஒரு சிறிய போல்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். காரைப் பற்றிச் சொல்வதானால், யுத்தம் முடிந்த சமயத்தில் கப்பலில் வந்திறங்கி, நான்கு பேரிடம் உழைத்துவிட்டு, ஐந்தாவதாக என்னிடம் ஓய்வெடுக்க வந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரிலிருந்து தளிக்கு முதல் பஸ் ஆறரைக்குத்தான் கிளம்பும். மனைவிக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காலை ட்யூட்டி; ஆறு மணிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். தளியில் நர்ஸ் குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது. சுவர்கள் வந்துவிட்டன, கூரை வரவில்லை. ஆகவே அந்த வாரங்களில் நான் நாலே முக்காலுக்குக் காரை எடுத்து, அவளை விட்டுவிட்டு, எட்டு மணி ஷிப்டுக்குத் திரும்பிவிடுவேன்.

தளிப் பக்கத்துப் பனியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அழகாகப் பேசுவார்கள். அவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து பார்த்தவர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அந்தப் பனியில் என் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து காட்டியது என் காரின் பானெட்டை மட்டும்தான். அந்த மார்கழியில் முதல் தடவை பதினேழு நிமிடம் தாமதமானோம். டாக்டர் அவளுக்கு மெமோ கொடுத்தார்.

இரண்டாவது தடவை நாற்பத்தொரு நிமிடம். சாலை எது, வயல் எது என்று தெரியாமல் நான் நிறுத்திவிட்டேன். அவள் இறங்கி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய வெள்ளைப் புடவையைப் பார்த்தபடி நான் பின்னாலேயே ஓட்டினேன். இப்படி ஒன்றே முக்கால் மைல். நடுவில் ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றேன். எனக்குக் கன்னடம் போதாது.

"கயிறு இல்லாமயே வண்டிய இழுத்துக்கிட்டுப் போறியேம்மா, எப்படின்னு கேக்கறாரு," என்றாள்.

இரண்டாவது மெமோவும் வந்தது; அதற்கான பதிலில், பனியில் காருக்கு வழிகாட்டி நடந்து வந்ததால் தாமதம் என்று உண்மையையே எழுதிக் கொடுத்தாள். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று டாக்டர் அதன்மேல் எழுதினார். வாயாலும் சொன்னார்: "சிஸ்டர், மூணாவது மெமோன்னு ஒண்ணு கெடையாது. அரூர் பக்கம் மாத்தல் ஆர்டர்தான்."

அரூர் எங்கள் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. அவள் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிடும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், குழந்தை இல்லை. வீட்டில் நான் பேசுவதற்கும் என்னைத் திட்டுவதற்கும் இருந்தது ஒரே ஆள். அன்று இரவு நாட்குறிப்பில் ஒரு வரிதான் எழுதினேன்: விளக்கைச் சரி செய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் விளக்குகளைக் கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால், பித்தளைத் தகட்டில் செய்து உள்பக்கம் வெள்ளி முலாம் பூசிய ஒரு கிண்ணம் இருக்கும். பல்பு அதன் அடியிலுள்ள ஓட்டை வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பல்பின் வெளிச்சத்தை வாங்கிச் சாலையில் எறிவது அந்தக் கிண்ணம்தான். கண்ணாடியைச் சுற்றியிருந்த கார்க் வளையம் மக்கிப்போனதால், பல மழைகளும் எல்லாப் புழுதியும் உள்ளே போயிருந்தன. வெள்ளி அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. இடப்பக்க விளக்கில் எறும்புகள் குடும்பம் நடத்தின.

எங்கள் வீட்டுக்காரரின் சம்சாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சார், வெள்ளி கறுத்துப்போச்சா? எங்க குத்துவிளக்குக்கெல்லாம் விபூதி போட்டுத்தான் தேய்ப்போம். இருங்க, தர்றேன்," என்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களுக்கும் விபூதி உண்டு. வருடத்தில் ஒரே ஒரு புதன்கிழமை, நெற்றியில் ஒரு சிட்டிகை. ஒரு டப்பா விபூதியை மொத்தமாக நான் கையாண்டது அதுவே முதல் தடவை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. ஒவ்வொரு கிண்ணத்தையும் மேலிருந்து கீழாக இருநூறு தடவை, வட்டமாக இருநூறு தடவை, பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். கறுப்பு போயிற்று. வெண்மை வந்தது. இன்னும் தேய்த்தேன். பொன் மாதிரி ஒரு பளபளப்பு வந்தது. வெள்ளிக்குள் இவ்வளவு ஒளி ஒளிந்திருந்ததா என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெள்ளி எப்பங்க மஞ்சளாச்சு?" என்றாள். "புரைய எடுக்கச் சொன்னா மஞ்சக்காமாலைய வரவெச்சிருக்கீங்க."

ஐந்தாம் நாள் அந்த மஞ்சளும் பழைய அண்டாவைப் போல மங்கிவிட்டது. கிண்ணங்களைப் பேட்டரிக் கடைக்கு எடுத்துப்போனேன். அதன் சொந்தக்காரர் தெலுங்குக்காரர். ஓசூரில் எல்லாக் கார்களின் வயர் வேலையும் அவரிடம்தான். இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சார், வெள்ளி முலாம்ங்கறது பாலு மேல ஆடை மாதிரி. நீங்க ஆடையையும் வழிச்சிட்டு, சட்டியையும் சேத்துக் கழுவி வெச்சிருக்கீங்க. யாரு தேய்ச்சது?"

"ஒருத்தன்," என்றேன்.

"அந்த ஆளை இனிமே கார்கிட்ட விடாதீங்க," என்றார்.

திரும்ப முலாம் பூசப் பெங்களூருக்குத்தான் போகவேண்டும். அங்கே தெரிந்த பட்டறை எதுவும் எனக்கில்லை. மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் பங்குச் சாமியார் பூசைப் பாத்திரத்தை முலாமுக்குப் பெங்களூர் அனுப்ப நம்பகமான ஆள் தேடிக்கொண்டிருந்தார். கோயில் சாமான் மட்டுமே எடுக்கிற ஒரு பட்டறை அவருக்குத் தெரியும். நான் போய் நின்றேன்.

"கார் சாமான்னு எழுதினா அந்த ஆளு தொடமாட்டான்யா," என்றார் சாமியார். "கிண்ணம்னே எழுதிடறேன். பாத்தா கிண்ணம் மாதிரிதானே இருக்குது?"

"கொஞ்சம் பெரிசு சாமி."

"பிஷப் வாய்க்குச் சரியா இருக்கும்," என்றபடி எழுதினார்: பூசைப் பாத்திரம் ஒன்று, அதன் தட்டு ஒன்று, பெரிய கிண்ணம் இரண்டு, எல்லாம் வழக்கப்படி.

எல்லாவற்றையும் பெங்களூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்; பட்டறைக்காரர் பன்னிரண்டு நாள் கேட்டார். அதற்குள் ஒரு காலை ட்யூட்டி வாரம் வந்தது. அவள் அந்த வாரம் முழுவதும் பிரசவ வார்டில் ஒரு காலிக் கட்டிலில் படுத்து எழுந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரிக்கு மூணு குழந்தை பொறக்குது. மூணும் என் காதுக்குள்ளதான் பொறக்குது," என்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அடுத்த ட்யூட்டிக்கு விளக்கு எரியலன்னா, நானே அரூர் கேட்டு எழுதிக் குடுத்துடறேன். அங்க குவார்ட்டர்ஸுக்குக் கூரை இருக்குதாம்." அவள் விளையாட்டாகப் பேசும்போது எனக்குப் பயமில்லை. சாதாரணமாகப் பேசும்போதுதான் பயம்.

பன்னிரண்டாம் நாள் பெங்களூர் போனேன். பொருள்கள் மெல்லிய துணியில் கட்டியிருந்தன. கை பட்டால் முலாம் கெட்டுவிடும், பிரிக்கவேண்டாம் என்றார் பட்டறைக்காரர். நான்கு உருப்படியும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எண்ணுவதில் நான் தவறுவதில்லை.

திரும்பும்போது எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மைசூர் ராஜ்யத்துப் பக்கம் சாராயக் கடைகள் திறந்திருந்தன, எங்கள் பக்கம் மதுவிலக்கு. பெங்களூரிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பாட்டில் இருக்கிறது என்பது போலீசாரின் நம்பிக்கை. கான்ஸ்டபிள் என் பெட்டியைத் திறந்து, முதல் மூட்டையைப் பிரித்தார்.

"என்னா இது?"

"பூசைப் பாத்திரம். சாமியார் பூசையில திராட்சை ரசம் குடிக்கிறது."

"தெனமுமா?"

"தினமும்."

"பர்மிட்டு?"

"இருக்கு."

பொறாமையோடு ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். விளக்குக் கிண்ணத்தின் உள்பக்கம் முழுவதும் தங்க முலாம். பூசைப் பாத்திரத்தில் ரசம் படுகிற உள்பக்கம் தங்கமாக இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் வழக்கம். பட்டறைக்காரர் கடிதத்தைப் படித்திருக்கிறார், வழக்கப்படி செய்திருக்கிறார். கிண்ணத்தின் அடியில் ஏன் ஓட்டை என்று அவர் கேட்கவில்லை. மற்ற மதத்தார் காரியங்களில் தலையிடாத மனிதர்.

கான்ஸ்டபிள் கேட்டார். "இம்மாம் பெரிய கிண்ணத்துலயா குடிக்கிறாரு? அடியில ஓட்டை இருக்குதே சார், ஊத்துனா ஒழுகாதா?"

உண்மையைச் சொல்வதே மேல் என்று பட்டது. "அது கிண்ணம் இல்லீங்க. என் காரோட ஹெட்லைட்டு."

"தங்கத்துலயா?" அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "பெரிய மனுசனா இருக்கீங்க. சாமி விசயத்துல பொய் சொல்லலாமா?"

பட்டறைக்காரர் சாமான்களோடு திருப்பிக் கொடுத்திருந்த சாமியாரின் கடிதத்தை நீட்டினேன். பெரிய கிண்ணம் இரண்டு என்று அதில் தெளிவாக இருந்தது. பொய் எழுதியிருந்த காகிதத்தை நம்பி, என்னைப் போகவிட்டார்.

சாமியார் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, அங்கியின் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். தங்கத்தின் செலவைக் கோயில் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு ஈடாக, மாதம் இரண்டு ஞாயிறு தம்மைக் கிராமத்துக் கோயில்களுக்குக் காரில் கூட்டிப்போகவேண்டும் என்றார். "மறுபடி வெள்ளி பூசணுமா சாமி?" என்று கேட்டேன். "எரியவெச்சுப் பாருய்யா முதல்ல," என்றார்.

நேரமும் இல்லை, திங்கட்கிழமை ட்யூட்டி. பேட்டரிக் கடைக்காரர் பழைய பல்புகளை எடுத்துவிட்டு அதிக வாட் பல்பு போட்டார், அது தாங்கும்படி தடித்த வயர் இழுத்தார். புதிய கார்க் வளையங்களை நானே வெட்டினேன்; தேய்க்கவேண்டிய வேலை அதில் இல்லை. ஞாயிறு அந்தி சாயும் நேரத்தில் கோயில் மதிலுக்கு முன் இருபத்தைந்து அடியில் காரை நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே விழும்படி திருகினோம். மதில் முழுவதும் கோதுமை நிறத்தில் ஒளிர்ந்தது. "சார், இது காரு இல்ல, தேரு," என்றார் கடைக்காரர்.

மறுநாள் தளிக்கு ஐந்து மைல் இருக்கும்போது பனி மூடியது. ஒளி முன்பு போல வெள்ளைச் சுவராக எங்கள் மேலேயே திரும்பி விழவில்லை. மஞ்சளாகத் தாழ்ந்து போய்ச் சாலையைத் தொட்டது. ஓரத்துக் கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரே சமயத்தில் நான்கு கற்கள் தெரிந்தன, எண்ணினேன். தங்கத்தாலா, புதிய பல்பாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி டார்ச்சை மடியில் வைத்திருந்தாள், எரியவிடவில்லை.

ஒரு வளைவில் சாலை நடுவே ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மப்ளர் சுற்றிய ஓர் ஆள் இரண்டு கையையும் ஆட்டினார். டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் உள்ள தம் வீட்டுக்கு வந்து, திங்கள் விடியற்காலை திரும்புகிறவர். நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

"நிக்காதீங்க," என்றாள் மனைவி.

"உன் டாக்டர்டி."

"தெரியுது. நின்னா லேட்டு. லேட்டுன்னா ஆர்டர் போடப்போறதும் அவருதான். போங்க."

ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தேன், டாக்டர் ஓடிப்போய் ஏறினார், ஜீப் எங்கள் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்தாற்போல வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்றபோது ஐந்து ஐம்பத்தொன்று. அவள் இறங்கி ஓடி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். மூன்று நிமிடம் கழித்து டாக்டர் உள்ளே வந்து, அவள் கையெழுத்தையும் நேரத்தையும் பார்த்தார். மப்ளரை அவிழ்த்தார். மெமோவைப் பற்றியோ, நிற்காமல் வந்ததைப் பற்றியோ பேச்சில்லை.

"சிஸ்டர், அடுத்த திங்கக்கெழமை... இல்ல, அதுக்கடுத்த திங்கக்கெழமை," என்று குழறினார், "நீங்க எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?"

"நாலே முக்காலுக்கு சார்," என்றாள் அவள். "லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவோம்."