மேக்னெட் புல்லர்

அருப்புக்கோட்டையில் இருபத்தைந்து வருடமாக பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பொருளையும் ஒழுங்காக வைக்கத் தெரியாத மனுஷன் என்று வீட்டில் என் மனைவி திட்டுவாள். கடைக்கு வந்து என் டூல்ஸை ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும் நான் யாரென்று. அதிலும் மேக்னெட் புல்லர் என்றால் எனக்குத் தனிப் பிரியம். இஞ்சின் பக்கத்தில் கரண்டு எடுக்கச் சுற்றும் கனமான சக்கரத்தைத்தான் மேக்னெட் என்போம். புல்லரை அதன் நடு மரையில் மாட்டி, போல்ட்டை இறுக்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம், மேக்னெட் கையோடு வந்துவிடும். கடைகளில் விற்பது சீக்கிரம் மரை போய்விடும் என்று, லேத் பட்டறையில் சொல்லிச் செய்த புல்லர் என்னுடையது. மூன்று தடவை சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். லேத்துக்காரர் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எம்.ரெட்டியபட்டியில் கடை வைத்திருக்கும் என் நண்பன் ஒரு தடவை அதை இரவல் வாங்கிப் போய், போல்ட்டின் தலையை மழுங்கடித்துத் திருப்பிக் கொடுத்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டேன். அது என் புத்தி.

நாலு வருடத்துக்கு முன் ஆயுத பூஜை அன்று காலையிலேயே டூல்ஸை எல்லாம் துடைத்து, பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையை முடித்திருந்தேன். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நண்பன் தன் கடையில் சாயங்காலம்தான் பூஜை போடுவான். பதினோரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"ஏலே, அந்தப் புல்லரைக் கொஞ்சம் குடு. வீரசோழன் ஊர்க்காரர் ஒருத்தர் வண்டில கரண்டு வரல. நாளைக்கு அவுக வீட்ல கல்யாணம், வண்டி இல்லாம முடியாதுங்கிறாக."

"சாமிக்கு வச்சாச்சுலே. நாளைக்கு வா."

அவன் பலகையைப் பார்த்தான். சரி என்றான். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

புல்லர் இல்லாததால் சுத்தியலால் மேக்னெட்டைத் தட்டிக் கழற்றப் பார்த்திருக்கிறான். இரும்பு ஓரத்தில் சில்லாகத் தெறித்து அவன் வலது கண்ணில் பாய்ந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்றும் அவன் கடையை அவன்தான் நடத்துகிறான். வால்வு இடைவெளி பார்ப்பது போன்ற நுணுக்கமான வேலை வந்தால் எனக்கு போன் செய்வான். நானும் ஓடிப் போய்ச் செய்து கொடுப்பேன். போன வாரமும் போயிருந்தேன். வேலை முடிந்து அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, விருந்தாளியாக வந்திருந்த அவன் சகலை கண் போன கதையைக் கேட்டார். நண்பன் நடந்ததைச் சொன்னான்.

"கூட்டாளிக்கு ஒரு சாமானைக் குடுத்தா கொறஞ்சா போயிரும்?" என்று சகலை என்னைப் பார்த்தார்.

"சாமிக்கு வச்சத எப்படிக் குடுப்பான்? அவசரப்பட்டது நானு. அவன் மேல என்ன தப்பு?" என்றான் நண்பன்.

சாமி காரணமில்லை. அவன் வருவதற்கு அரைமணி நேரம் முன்புதான் என் மச்சான் வண்டிக்கு பிளக் மாற்ற, அதே பலகையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். வேலை முடிந்ததும் துடைத்து, புதிதாகச் சந்தனம் வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மழுங்கிய போல்ட்டுக்காகத்தான் அவனுக்குப் புல்லர் இல்லை என்றேன். இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாலு வருடமாக நினைக்கிறேன். சகலை கேட்டபோதும் வாய்வரை வந்தது.

அவன் மனைவி, "அண்ணே, இன்னுங் கொஞ்சம் குடிங்க" என்று என் டம்ளரில் மறுபடி டீ ஊற்றினாள். வாங்கிக் குடித்தேன்.