நான் தேர்ந்தெடுத்த வயர்

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது எண்பதுகளின் நடுவில். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் என் கணவர். ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் வயரைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

அப்போதெல்லாம் திருவண்ணாமலைக்குப் படம் மெட்ராஸிலிருந்து வந்து சேரவேண்டும். அதற்காக மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் உயரமான இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். மிச்சம் வயர்தான். தேரடித் தெருக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ரிப்பன் மாதிரி பட்டை, உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. இன்னொன்று கறுப்பு, உருண்டை. உருண்டை வயரின் நுனியைச் சீவிக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பியை வலையாகப் பின்னியிருந்தார்கள்.

அந்தச் செம்பைப் பார்த்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

எனக்கு ஏழு வயதில், கீழ்பென்னாத்தூரில் ஊருக்கு வெளியே எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த என் அண்ணன் இடி விழுந்து செத்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எல்லோரும் ஒரே தைரியம் சொன்னார்கள். கோபுரக் கலசம் செம்பு, இடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஊருக்குள் விழாது என்று. ஊருக்குத் தைரியம் கொடுத்த அதே பேச்சு கடையில் என்னைப் பிடித்து ஆட்டியது. செம்பு இடியை இழுக்கும் என்றால், இவ்வளவு செம்பை மாடியிலிருந்து கூடம் வரைக்கும் நாமே இழுத்து விடுவதா?

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால், "உருண்டை வயர் ஜன்னல் இடுக்குல போகாதுங்க. வாடகை வீடு, சுவத்துல ஓட்டை போட்டா ஓனர் சும்மா விடுவாரா?" என்றேன்.

"பட்டை வயர் மழையில நனைஞ்சா படம் தெரியாதும்மா" என்றார் கடைக்காரர்.

மழை பெய்தால் நான் பெட்டியையே அணைத்துவிடப் போகிறேன், தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? பட்டை வயரையே வாங்கினோம். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது தெருவை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு நடுவில் எழுந்துபோய்ப் பெட்டியை அணைக்க யாரால் முடியும்?

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, படம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்தது. திரை முழுக்கப் புள்ளி. "சித்த இருங்க, வயரைத் தொடச்சிட்டு வரேன்" என்று இவர் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். தடுக்க நான் எழுவதற்குள் போயேவிட்டார்.

மேலே இருந்து குரல் வந்தது. "தெரியுதா?"

மலைப்பக்கம் மின்னல் வெட்டியது. திரையில் ஒரு மூக்கோ முழியோ இல்லை. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "தெரியுது! நல்லாத் தெரியுது! இறங்கி வாங்க!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டக்கா எனக்கு மேல் கத்தினாள். "இல்ல தம்பி! ஒண்ணுமே தெரியல! கொஞ்சம் திருப்பிப் பாரு!"

அந்த நிமிஷம் அவள் வாயைப் பொத்தியிருப்பேன், கை எட்டவில்லை. மேலே இரும்புக் குழாய் கிறீச்சிடுவது கேட்டது. நனைந்த கையால் அதைப் பிடித்துத் திருப்புகிறார்.

அப்புறம் கண் கூசும் வெளிச்சம். கூடவே இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கரண்ட் போனது. இருட்டில் யாரோ குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதார்கள்.

"என்னங்க!" என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

மாடிப்படி இருபதும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கொல்லையில் அண்ணனைச் சாக்குப் போட்டு மூடியிருந்தது மட்டும் கண்முன் நின்றது. இவருக்கும் நான் போய்த் துணி விலக்கிப் பார்க்கவேண்டுமா என்று நினைத்தபடியே ஏறினேன்.

தொட்டியடியில் குந்தியிருந்தார். இரண்டு கையும் காதில். பின்தெருத் தென்னை மரத்தின் உச்சி புகைந்துகொண்டிருந்தது. நான் எதிரில் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்தினார். காது அடைத்துப்போயிருந்தது.

சட்டையைப் பிடித்து உலுக்கினேன், அழுதேன். "நான்தாங்க பட்டை வயரை வாங்க வெச்சேன். ஓட்டை, ஓனர்னு கடையில சொன்னதெல்லாம் பொய். இடி உள்ள வந்துடும்னு பயந்தேன். பயந்து பயந்து உங்களையே கொண்டாந்து இடிக்குக் கீழ நிறுத்திட்டேனே!" என்றேன். அவர் ஒரு வார்த்தையும் விளங்காமல் என் தலையில் துண்டைப் போட்டார்.

மறுநாள் காலையில் காது திறந்ததும், "மழைக்காலம் போவட்டும், வயரை மாத்திக்கலாம்" என்றார். "இன்னிக்கே" என்றேன். கடைக்காரர் மறுபடியும் நுனியைச் சீவினார், அதே செம்பு. பயம் அப்படியேதான் இருந்தது. "இதைப் போட்டா மழையில யாரும் மாடிக்கு ஏற வேணாமில்ல?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று அவர் தலையாட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "நேத்து மாடியில அழுதுக்கிட்டு என்னமோ சொன்னியே, என்ன அது?" என்றார் இவர்.

"படம் தெரியுதுன்னு சொன்னேன்" என்றேன்.