இன்னொரு தடவை வையுங்கக்கா

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் களவு போன பிறகு என் வீட்டுக்காரர் வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டார். விளாத்திகுளத்தில் ஒரு விசேஷம் என்று கிளம்பினால்கூட பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டியவள் நான். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பசையிலும் அட்டையிலும் தேய்ந்து என் விரல் ரேகை மழுங்கிவிட்டது. ரேஷன் கடையில் மாசாமாசம் கட்டைவிரலைச் சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை விரித்து சிம் கார்டு விற்றவர், "ரேகை விழலையே, இன்னொரு தடவை வையுங்கக்கா" என்றபோது எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. கூச்சமாகத்தான் இருந்தது. பாவம், இந்த வெயிலில் நம்மால் அவருக்குச் சிரமம் என்று நாலு தடவை அழுத்தினேன். ஒரு சிம்மோடு வீட்டுக்கு வந்தேன்.

சில மாசம் கழித்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். என் பேரில் உள்ள நம்பரிலிருந்து யாரோ ஒருத்தரை ஏமாற்றியிருக்கிறார்களாம். என் பேரில் நாலு நம்பர், நாலும் பத்து நிமிஷத்துக்குள் வாங்கியது என்று காட்டினார்கள். அதில் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நாலு தடவை அழுத்தியது அப்போதுதான் உறைத்தது. இந்த வயசில் ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்குவதா என்று அழுகை முட்டியது. நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும் என்றார்கள்.

"இனிமேலாவது ஆதார்ல ரேகையப் பூட்டி வையுங்கம்மா" என்றார் அங்கிருந்த ஏட்டு. விரலுக்கும் பூட்டு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஆதார் மையத்தில் காத்துக் கிடந்தேன். ரேகையைப் பூட்ட வேண்டுமானால் முதலில் போன் நம்பரைச் சேர்க்க வேண்டுமாம். அதற்கு ரேகை வைக்க வேண்டுமாம். வைத்தேன். துடைத்து வைத்தேன். களவாணிக்கு நாலு தடவையும் விழுந்த ரேகை, எனக்கென்று கேட்டபோது விழவே இல்லை.

மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நல்ல பிள்ளை. பொறுமையாகத்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை வையுங்கக்கா."

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.