தாயம்மா பட்டனுக்குப் பொட்டு வைத்தாள்

மலேசியாவில் ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட் ஆபீசைக் கூட்டிப் பெருக்கிய தாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய்க்கு மட்டும் குறைவில்லை. தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்றும் பாராமல், "ஐயா, காலத் தூக்குங்க, குப்பையெல்லாம் உங்க காலடியிலதான் கெடக்கு" என்று என்னை அதட்டுவாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். காலையும் தூக்கிக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்றில் புது டெலிபோன் வந்தது. ஓரத்தில் பத்து பட்டன். ஒன்றை அமுக்கினால் போதும், நம்பர் முழுதும் தானே போய், மறுமுனைக் குரல் ஸ்பீக்கரில் கேட்கும். முதல் பட்டன் துரை பங்களா. மேனேஜர் துரை ராமகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே போனுக்குத் தனியா ஆள் எதுக்கு?" என்றார். ஆறு வருஷமாகப் போன் பார்த்த எல்சி, ஆயுத பூசை முடிந்த திங்கட்கிழமை முதல் பால் வெட்டப் போக வேண்டும் என்று உத்தரவு. நான் "யெஸ் சார்" என்றேன். வேறென்ன சொல்வேன்? எனக்கும் பிழைப்பு இருக்கிறதே.

பூசையன்று காலையில் நான் வந்தபோது, தாயம்மா டைப்ரைட்டருக்குச் சந்தனம் வைத்து முடித்து டெலிபோனுக்கு வந்திருந்தாள். அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பட்டன் ஒவ்வொன்றுக்கும் பொட்டு என்று தீர்மானித்து, முதல் பட்டனில் கட்டை விரலை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அவளோ கண்ணை மூடி வேண்டத் தொடங்கிவிட்டாள்.

"ஆத்தா, எல்சி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளதான். அதுக்காக நீ பாக்காம இருந்துறாத. அந்தப் புள்ள வேலை போகக் கூடாது."

"யாரது?" என்றது ஸ்பீக்கர். துரையின் குரல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தாயம்மா கண்ணைத் திறந்தாள். துரையின் குரலை அவள் போனில் கேட்டதே இல்லை. "சாமி கும்புடுற நேரத்துல யாருய்யா? எல்சி வரல. அப்புறமா போடு."

"எல்சி எதுக்கு? அதான் பட்டன் இருக்குதே."

"பட்டனு என்னய்யா பண்ணும்? போன மாசம் ஆறுமுகத்தப் பாம்பு கடிச்சப்ப ஆஸ்பத்திரிக்குப் போட்டாங்க, லைனே கெடைக்கல. அந்தப் புள்ளதான் சீனன் கடைக்குப் போட்டு, மலாய்ல கெஞ்சி, லோரிய வரவழைச்சு அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா. சீனன் கடைக்கு இதுல பட்டன் இருக்கா? தொரை நல்லவருதான். ஆனா அவருகிட்ட இத ஒருத்தரும் சொல்லல லா."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. தாயம்மா அடுத்த பட்டனுக்குச் சந்தனத்தைத் தொட்டாள். நான் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

பத்து மணிக்குத் துரை பூசைக்கு வந்தார். விபூதி பூசிக்கொண்டு, "எல்சி, திங்கட்கிழமை ஆபீசுக்கே வந்துரு" என்றார். எல்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையில் போனில் கேட்டது துரையின் குரல்தான் என்று அடையாளம் கண்ட தாயம்மா சந்தனத் தட்டோடு கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

துரை என்னிடம் திரும்பினார். "ஆறுமுகம் விஷயத்த நீங்க ஏன் கிராணி எங்கிட்ட சொல்லல?"

இருபது வருஷமாக "யெஸ் சார்" சொன்ன வாய், அதற்கும் "யெஸ் சார்" என்றே சொல்லிவைத்தது.